மஞ்சள் வளையம்

இது கதை இல்லை. நம்பாதவர்கள் முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள், அந்தக் கட்டில் அப்படியேதான் கிடக்கிறது. நடந்தது நடுராத்திரியிலும் இல்லை. பட்டப்பகலில், மதியம் 2.10க்கு.

என் வீட்டுக்காரர் கோபிநாத்துக்கு இரண்டு காலையும் முட்டிக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். போன வருஷம் காலாப்பட்டுப் பக்கத்தில் லாரி மோதிவிட்டது. கட்டிலிலிருந்து அவரை வீல்சேருக்கு மாற்ற, ஆளைத் தூக்கும் லிஃப்ட் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். சக்கரம் வைத்த இரும்புக் கை. அதில் தொங்கும் நீலத் துணிக்கு ஸ்லிங் என்று பெயர். ஆளை அதில் தொட்டில் பிள்ளை மாதிரி வைத்து, கைப்பிடியை அடித்தால் மேலே எழும்பும்.

கடைக்காரர் செல்வகுமார் மாட்டிக் காட்டினார். “கால் இல்லாதவங்களுக்கு கீழ்ப்பட்டைய குறுக்கா மாத்திப் போடணும்க்கா. நேரா மாட்டுனா முன்னால வழுக்கி விழுந்துடுவாங்க. பட்டை முனையில கலர் கலரா வளையம் இருக்கு பாருங்க, அதுல கொக்கிய மாட்டணும். அண்ணன் உயரத்துக்கு கறுப்பு வளையம். சின்ன உடம்புன்னா மஞ்ச.”

அவரைத் தூக்குவது நான் மட்டும்தான். வேறு யாரையும் விடமாட்டேன். சொல்லிவிடுகிறேன், நான் பொறாமைக்காரி. பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி பெண் இனியா அவர் தோளைப் பிடித்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை. முன்னறையில் பிளவுஸ் தைத்துவிட்டு மூன்று மணிக்கு உள்ளே போனேன். ஸ்லிங் மஞ்சள் வளையத்தில் தொங்கியது. நான் மாட்டியது கறுப்பு. புதன்கிழமையும் மஞ்சள். துணியில் நீளமாக ஒரு முடி. எனக்கு முடி தோள்வரைதான்.

இனியாவை அன்றைக்கே நிறுத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை... மறுபடியும் மஞ்சள். அவர் கட்டிலில் ஓரமாக ஒதுங்கித் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மெத்தை பள்ளமாக இருந்தது. தொட்டேன். சூடு. பள்ளம் தலையணையிலிருந்து இடுப்புக்குச் சற்றுக் கீழே வரைதான் இருந்தது.

சனிக்கிழமை தையல் மெஷினை நிறுத்திவிட்டு, உள்ளறைத் திரைக்குப் பின்னால் காத்திருந்தேன்.

2.10. க்றீச்... சக்கரம் உருண்டது. காலடிச் சத்தம் இல்லை.

திரையை விலக்கினேன். சுவரோரம் நின்ற லிஃப்ட் கட்டிலை நோக்கி நகர்ந்தது. யாரும் தள்ளவில்லை.

ஸ்லிங் கனமாகத் தொங்கியது. துணிக்குள் ஒரு முதுகின் வளைவு. கீழே கால் எதுவும் தொங்கவில்லை.

க்ளக்... க்ளக்... கட்டில்மேல் இறங்கியது.

மெத்தை அமுங்கியது.

கண் திறக்காமலே அவர் சிரித்தார். “வந்துட்டியா...”

அந்தக் குரலில் என்னிடம் பேசி எத்தனை நாளாகிறது! பயந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

“யாருடி நீ?”

ஸ்லிங் தொய்ந்தது. மெத்தை மெல்ல எழும்பியது.

அவர் விழித்துக்கொண்டார். “என்னா மாலா? யாருகிட்ட கத்துற?”

அன்று சாயங்காலமே லிஃப்டைத் திருப்பிக் கொடுத்தேன். இதற்கு முன்னால் யார் வீட்டில் இருந்தது என்று கேட்டேன். செல்வகுமார் ஸ்லிங்கைக் கழற்றி மடித்து வைத்தார்.

“ஒரு பொண்ணுக்கா. ரெண்டு காலும் இல்ல. சின்ன உடம்பு. புருஷன்தான் தூக்கணும், வேற யாரும் தொடக் கூடாதுன்னு ஒரே அடம். ஒருநாள் அவரு பக்கத்து வீட்டுப் பொம்பளகிட்ட சிரிச்சுப் பேசிக்கினே பட்டைய நேரா மாட்டிட்டாரு... தல அடிபட்டு அங்கயே போயிடுச்சு. எனக்கு போன் வந்தப்ப மணி ரெண்டு பத்து.”

இப்போது வேறு கடை லிஃப்ட், புது ஸ்லிங். வளையம் மாறுவதில்லை. ஆனால் மதியத்தில் அவர் இன்னும் ஒதுங்கித்தான் படுக்கிறார்.

நேற்று 2.10க்கு அந்த இடத்தில் நான் போய்ப் படுத்தேன். அது என் இடம்.

தூக்கத்திலேயே அவர் கை என் மேல் விழுந்தது. இடுப்பு... தொடை... முட்டி...

கை நின்றது.

சட்டென்று இழுத்துக்கொண்டார். கண் திறக்கவில்லை.

“உனக்கு ஏது காலு?”