வசந்தி அக்கா சேர்த்து வளர்த்தவை

இதை எழுதும் உரிமை எனக்கு இல்லை. இருந்தும் எழுதுகிறேன், வசந்தி அக்காவை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். அவருடைய தம்பி போனில் அழைத்தார். "லாரி இட்ச்சிட்ச்சும்மா. அக்கா பூட்ச்சு" என்றார். உத்திரமேரூர் பேருந்து வந்து நின்றது. ஏறத் தோன்றவில்லை.

நம் பரிசோதனைக் கூடத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. காவாந்தண்டலத்தில் நாற்று நடப் போகும் குடும்பத்திலிருந்து வந்தவர் அவர். கெட்ட பாலில் வாந்தியை உண்டாக்கும் கிருமியையும், தயிரை உறையவைக்கும் கிருமியையும் ஒரே டியூபில் வளர்த்துப் பார்த்தார். தனியாக வளர்ந்தால் முதல் கிருமி நஞ்சு கக்கும். தயிர்க் கிருமியோடு வளர்ந்தபோது அது சாகவில்லை. நஞ்சு மட்டும் வெகுவாகக் குறைந்தது.

"தனியா இருக்கசொல்ல இன்னா வெசம் பாருடி! பக்கத்துல ஒண்ணு வந்து குந்திகினா பொட்டிப்பாம்பா அடங்கிடுது. எங்க மாமியாருக்கும் பக்கத்துல ஒரு மாமியாரக் குந்த வெக்கணும்" என்று சிரித்தார்.

மூன்று முறை ஒரே முடிவு வந்தால்தான் அறிக்கையில் ஏற்போம். இரண்டு முறை வந்துவிட்டது. மூன்றாவது வளர்ந்துகொண்டிருந்த நாளில் அக்கா விடுப்பு. கூடத்துக்குப் பொறுப்பான சார் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். "ரெண்டு கிருமி கலந்திருக்கு. கெட்டுப்போச்சு, ஆட்டோகிளேவ்ல போட்டுக் கொட்டிடு" என்றார். வேண்டுமென்றே கலந்தவை என்று எனக்குத் தெரியும். "சார்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். "சரி சார்" என்று முடித்துவிட்டேன். நீராவியில் கிருமிகளைக் கொல்லும் அந்தக் கலனில் வைத்து மூடியைத் திருகியவள் நான்தான்.

மறுநாள் அக்கா காலி ரேக்கைப் பார்த்தார். "எவடி கொட்டினது?" நான் தலை குனிந்தேன்.

"உன் மூஞ்சே சொல்லுது. வாய இன்னாத்துக்கு வெச்சிகினு கீற, சோறு துன்னவா?" என்று திட்டினார். பிறகு தன் நாஷ்டாவில் பாதியை என் டப்பாவில் வைத்தார். திங்கட்கிழமை மறுபடி தொடங்குவதாக இருந்தார்.

நான் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் முடித்துவிட்டுப் போயிருப்பார். காலம் ஆற்றும் என்கிறார்கள். இதை எப்படி ஆற்றும்? அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தத் திட்டு ஒன்றுதான்.

கேட்கக் கூசியதைக் கடைசியில் கேட்கிறேன். அவர் உறைபெட்டியில் வைத்துப்போன கிருமிகளை இந்த வாரம் அழிக்கப்போவதாகச் சொன்னார்கள். வேண்டாம். மூன்றாவது முறையை நான் செய்கிறேன். முடிவு வந்தால் அவர் பெயரை மட்டும் போடுங்கள், சார்.