புள்ளியக்கா

வரைபடத்தில் எந்த மூலையைத் தொடுவதற்கு முன்பும் புள்ளியக்கா மவுஸிலிருந்து கையை எடுத்து, உள்ளங்கையை மடியில் துடைத்துக்கொள்வார். பிறகு சக்கரத்தை உருட்டுவார். திரையில் கட்டடம் பெரிதாகும், சுவர் பெரிதாகும், கடைசியில் இரண்டு கோடுகள் மட்டும் மிஞ்சும். தூரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவை கிட்டத்தில் விலகி நிற்கும். "நடிக்கிறீங்களா?" என்று கோடுகளிடமே கேட்பார்.

கட்டட வரைபடங்களைக் கணினியில் வரையும் அலுவலகம் எங்களுடையது. சுவர்களை நாங்கள் வரைவோம். தூண்களின் படம் ஒரு பொறியாளரிடமிருந்தும், குழாய்களின் படம் இன்னொருவரிடமிருந்தும் வரும். எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். அந்தப் புள்ளியைக் குறிப்பதில் கில்லாடியாக இருப்பதால் அவர் புள்ளியக்கா. "புள்ளி தப்பினா மத்ததெல்லாம் அழகா தப்பும் தம்பி" என்பார். அந்த 'தம்பி' எனக்குப் பிடிக்காது.

மவுஸை மூலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே அம்புக்குறி தானாகத் தாவி ஒட்டிக்கொள்ளும். நானெல்லாம் அந்த வசதியில் பிழைப்பவன். அவர் அதை அணைத்துவிட்டு, கோடுகள் வெட்டும் இடத்தை மட்டும் பிடிக்கும்படி வைத்துக்கொள்வார். புள்ளியை வைத்த பிறகும் நம்பமாட்டார். கட்டடத்தின் மறுகோடிக்குப் போய் அங்கேயும் அளப்பார். "ஒரு இடத்துல ஒத்துப்போறது பெரிய விஷயமா? அந்தக் கோடியில போய்க் கேக்கணும்." அதற்குள் அவருடைய தேநீர் ஆறி ஆடை படிந்திருக்கும். வீட்டுக்குத் தொலைபேசினாலும் இதே கதைதான்: "அத்தை, கேஸ மூடிட்டீங்களா? மூடிட்டீங்க, சரி. இன்னொரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்."

ஒருமுறை என் மேஜையிலிருந்த கவிதைப் புத்தகத்தைப் புரட்டினார். "இது எங்க ஆரம்பிக்குது?"

"எங்க வேணா ஆரம்பிக்கலாம்க்கா."

"அதான பாத்தேன்" என்று மூடி வைத்தார். அலுவலகமே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

பெரிய மருத்துவமனை வேலை ஒன்று வந்தது. எல்லாப் படங்களையும் சேர்க்கும் பொறுப்பு ஒருவருக்குத்தான். முதலாளி ஒரே கட்டுப் படங்களை அவரிடமும் என்னிடமும் கொடுத்து, "யார் சேர்க்கிறது சரியா இருக்கோ, வேலை அவங்களுக்கு" என்றார். அந்தப் பொறுப்புக்காக நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து காத்திருந்தேன். மதிய உணவுக்கு முன்பே முடித்துவிட்டேன். பக்கத்தில் அவர் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். இனித்தது.

மாலையில் முதலாளி இரண்டையும் திறந்தார். என் படத்தில் குழாய் ஒன்று தூணை உரசிக்கொண்டு போனது. சுவரின் வெளி மூலையில் புள்ளியை வைத்திருந்தேன். எங்கள் சுவருக்குப் பூச்சு உண்டு. தூண்காரர் படத்தில் பூச்சே கிடையாது. பூச்சின் தடிமன் அளவுக்கு மொத்த மருத்துவமனையும் நகர்ந்திருந்தது. புள்ளியக்கா மூலையை நம்பவில்லை, தூண்களின் நடுக்கோடுகள் வெட்டும் இடத்தைப் பிடித்திருந்தார். வேலை அவருக்குப் போனது.

மறுநாள் காலையில் பக்கத்து மேஜை காலியாக இருந்தது. ஜன்னலோர மூலைக்கு மாறியிருந்தார். முதுகுக்குப் பின்னால் சுவர், திரை யார் கண்ணிலும் படாத கோணம். ஒரு வேலை கிடைத்ததும் தனி ராஜ்யமா என்று பொருமினேன். எதிரே வந்தால் காகிதத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். "என்ன தம்பி, பேச்சே காணோம்?" என்றார் ஒருநாள். "வேலைக்கா" என்றேன்.

மருத்துவமனைக்கு அஸ்திவாரம் போட்ட பிறகுதான், பிரிண்ட் எடுக்கும் அண்ணன் பேச்சுவாக்கில் சொன்னார். போட்டி நடந்த அன்று மதியம், யார் ஜெயிப்பார்கள் என்று தெரிவதற்கு முன்பே, புள்ளியக்கா முதலாளி அறைக்குப் போயிருக்கிறார். அண்ணன் அப்போது அங்கே படச்சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தாராம்.

"சார், என்னை வேற எங்கயாவது ஓரமா போட்டுடுங்க. அந்தத் தம்பி கை போற வேகத்தப் பாத்தா வயித்தெரிச்சலா இருக்கு. பக்கத்துல உக்காந்தா எனக்குக் கை வேர்த்துடுது."