சூறைக்கு ஒரு கை வத்தல்

எனக்குக் கைராசி கிடையாது என்று சங்கரன்கோவிலில் என் புகுந்த வீட்டார் முடிவு கட்ட ஒரே ஒரு வருஷம்தான் ஆயிற்று. அந்த முடிவை நான் அவர்களைக் கொண்டே மாற்ற வைத்தேன். எத்தனை வருஷமானாலும் அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.

நான் பிறந்தது அம்பாசமுத்திரத்தில். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் வயல், அதற்கும் அப்பால் ஆறு. குச்சியை ஊன்றினால் இலை விடும் ஊர். எழுபதுகளின் பின்பாதியில் கல்யாணமாகி வந்தபோது, சீர்ப் பாத்திரங்களோடு ஒரு சாக்கில் இரண்டு வாழைக்கன்று, வெற்றிலைக் கொடி, சேப்பங்கிழங்கு, பிச்சிப் பதியன் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தேன். புருஷன் வீட்டுக் கொல்லையைத் தோப்பாக்கிக் காட்டுகிறேன் என்று தங்கைகளிடம் சவால் வேறு விட்டிருந்தேன்.

கொல்லைக் கிணற்றில் உப்புத் தண்ணீர். மண்ணோ கரிசல். எங்கள் ஊரில் ஊற்றுகிற தண்ணீர் தன் பாட்டுக்கு இறங்கிப் போய்விடும். இங்கே ஊற்றியது ஊற்றிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. நான் அதைக் கவனிக்கவில்லை. காலையும் மாலையும் குடம் குடமாக இறைத்துக் கொட்டினேன். வாழையிலை ஓரம் கருகியது. வெற்றிலைக் கொடி பதினைந்து நாள்கூடத் தாங்கவில்லை. சேம்பு உள்ளேயே அழுகிப் போனது. பிச்சி மட்டும் பிழைத்தது, ஆனால் இலையாக விட்டதே தவிர ஒரு மொட்டு வைக்கவில்லை. வாடினால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரியும். அதனால் இன்னும் ஊற்றினேன்.

"ஏட்டி, நீ தொட்டது ஒண்ணும் வெளங்கல. வெதப் பெட்டியத் தொட்டுராத" என்றாள் மாமியார்.

அவளை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அந்த வீட்டில் புரட்டாசி விதைப்புக்கு மிளகாய் விதையைப் பெண்கள்தான் பெட்டியிலிருந்து அள்ளிக் கொடுப்பார்கள். அன்றைக்கு என்னை அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள். உலை கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே அழுதேன். துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

அடுத்து வந்த ஆடித் தபசு அன்று அந்தக் கோபம் இரட்டிப்பானது. அம்மன் சப்பரம் வரும்போது சம்சாரிகள் தங்கள் நிலத்தில் விளைந்ததை, மிளகாய் வத்தலோ பருத்தியோ சோளமோ, கை நிறைய எடுத்துச் சப்பரத்தின் மேல் வீசுவார்கள். அதற்குச் சூறை விடுதல் என்று பெயர். எங்கள் வீட்டில் எல்லோரும் வீசினார்கள். தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து, மண்வெட்டிப் பிடியைத் தொட்டே பார்க்காத என் புருஷனும் தன் தம்பி விளைய வைத்த வத்தலை வாங்கி ஜம்மென்று வீசினார். "நீ என்னத்த வெளைய வச்ச, எறியதுக்கு?" என்று அத்தை கேட்டதும் வெறுங்கையைக் கும்பிட்டபடி நின்றேன். அடுத்த தபசுக்கு என் கையால் விளைந்த ஒரு கை எறிந்தே தீருவது என்று அங்கேயே நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் செடிகளை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். புஞ்சைகளில் நிலாவாரை என்கிற மருந்து அவுரி நின்றது. ஒரு மழைக்கு விதைத்துவிட்டால் அப்புறம் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆடுகூட வாய் வைக்காது. அதன் இலையை நிழலில் உலர்த்தித் தூத்துக்குடிக்கு அனுப்பினால், கப்பலேறிப் போய்ச் சீமைக்காரர்களின் மலச்சிக்கலைத் தீர்க்குமாம். யாரும் தண்ணீர் காட்டாத செடிக்கு இத்தனை மரியாதை! கிணற்றடி முருங்கை என் தண்ணீரைக் குடித்துக் கீரையாய்த் தழைத்தது. நான் நிறுத்தியதும் பூத்துக் காய்த்தது. ரோஷத்தில் பிச்சிக்கும் நிறுத்தினேன். இலையை உதிர்த்துவிட்டு ஒரு மழைக்குப் பிறகு கொள்ளையாகப் பூத்தது. பருத்தி வேர் ஆழத்தில் போய்த் தன் ஈரத்தைத் தானே தேடிக்கொள்ளும். மிளகாய்க்கு மண்ணில் ஈரம் இருக்க வேண்டும், ஆனால் காலடியில் தண்ணீர் நிற்கக் கூடாது. நான் சாகடித்த செடிகளில் ஒன்றுகூடத் தாகத்தால் சாகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

விவசாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தனிடம் கரிசக்காட்டில் ஒரு துண்டு நிலம் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஓடைப் பக்கம் பள்ளமாகக் கிடந்த மூலையைக் கொடுத்தார். அத்தை விதை தரமாட்டாள். அதனால் சாம்பாருக்கு வைத்திருந்த வத்தலைக் கிள்ளி விதை எடுத்தேன். கொழுந்தன் விதைத்த பெரிய காட்டிலும் மிளகாய், என் மூலையிலும் மிளகாய்.

ஐப்பசிக் கடைசியில் பிடித்த மழை விடவே இல்லை. அந்த வட்டாரத்தில் மேகம் கறுத்தாலே ஆண்கள் மண்வெட்டியோடு ஓடி வரப்பில் இருக்கிற மடையையெல்லாம் அடைப்பார்கள். ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. கொழுந்தனும் அடைத்தார். மூன்றாம் நாள் சோறு கொண்டுபோனவள் பார்த்தேன். செடிகளுக்கு நடுவே கணுக்கால் அளவு தண்ணீர். இது எனக்குத் தெரிந்த காட்சி. எங்கள் ஊரில் அடைமழை என்றால் அப்பா முதலில் செய்கிற வேலை வரப்பை வெட்டி வடிய விடுவதுதான்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் மூலையின் வரப்பை ஓடைப் பக்கமாக வெட்டினேன். வரிசைக்கு வரிசை வாய்க்கால் கீறி, மண்ணைச் செடியடியில் அணைத்தேன். கொழுந்தன் அலறிக்கொண்டு வந்தார்.

"மதினி, என்ன காரியம் செய்தீய! பெய்யாத ஊர்ல பெய்யுது, அதப் போய் ஓடைல விடுதியளே!"

"ஒங்க காட்டையும் வெட்டி விடுங்க தம்பி. மொளகாக்கு மூச்சு முட்டும்."

"ஒங்க ஊர்ல தண்ணி சும்மா ஓடும். இங்கன அது தங்கம்லா!" என்று சொல்லிவிட்டு, தன் பக்கத்து வரப்பை இன்னும் ஒரு சாண் உயர்த்தினார். வீட்டில் அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் புருஷன் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

மழை விட்டு வெயில் அடித்தது. பெரிய காட்டில் செடிகள் தலை தொங்கின. தண்ணீர் போதவில்லையோ என்று கொழுந்தன் இறைவைக்கு ஏற்பாடு செய்யப் பார்த்தார்! அந்த வாட்டம் எனக்குப் பழக்கமான வாட்டம். ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினேன். வேர் கறுத்து நாறியது. பத்து நாளில் காடு முழுக்கச் சருகு. நான் சந்தோஷப்பட்டேன் என்றால் பொய், படவே இல்லை என்றாலும் பொய். அது எங்கள் எல்லோரின் ஒரு வருஷச் சோறு.

என் மூலை தையில் காய்த்து மாசியில் சிவந்தது. பறித்த பழத்தை மச்சில் காயப் போட்டேன். தெருவே தும்மியது. சாக்கு நிறைய வத்தல். கூட்டிப் பெருக்கியதைக்கூட நான் விடவில்லை.

ஆடித் தபசு வந்தது. கூட்டம் நெரிந்தது. மடியில் என் வத்தலைக் கட்டிக்கொண்டு நின்றேன். சப்பரம் அருகே வந்ததும் முதல் கையை வீசினேன். அது அம்மன் காலடியிலேயே போய் விழுந்ததாக இன்றுவரை சாதிக்கிறேன்.

பக்கத்தில் ஒரு கை நீண்டது. "மதினி, எனக்கும் ஒரு கை குடுங்க" என்றார் கொழுந்தன். கொடுத்தேன். என் புருஷன் வழக்கம்போல நீட்டினார். அவருக்கும் கொடுத்தேன். கடைசியில் அத்தை, என் முகத்தைப் பார்க்காமல், சப்பரத்தையே பார்த்துக்கொண்டு கையை நீட்டினாள். வழிய வழிய அள்ளி வைத்தேன்.

பாதியை வீசினாள். மீதியை முந்தியில் போட்டு இறுக்கி முடிந்துகொண்டாள்.

"என்ன அத்தை, எறியலையா?"

"இது வெதைக்கு" என்றாள். "பொரட்டாசிக்கு நீதாம்ட்டி அள்ளிக் குடுக்கணும்."