பயத்துக்கு ஒரு எக்ஸ்ரே

போன வாரம் வெள்ளிமலை பஸ்ஸில் போனேன். மலைப்பாதையில் ஒரு வளைவு. ரோட்டில் ஒரு கிளை முறிந்து கிடந்தது — ஆட்டுக்குட்டிகூடத் தாண்டிவிடும். டிரைவர் கலியபெருமாள் பிரேக் போட்டார். அப்புறம் நகரவில்லை. சட்டை வேர்வையில் தொப்பலாகிவிட்டது.

“குச்சிக்கு இன்னாத்துக்குப்பா வண்டிய நிறுத்திக்கினு கீற?” என்றார் பின் சீட்டுக்காரர். பஸ்ஸே சிரித்தது. நானும்தான்... இப்போது வெட்கமாக இருக்கிறது.

டீக்கடையில் கலியபெருமாளே சொன்னார். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது, உளுந்தூர்பேட்டை ரோட்டில் மறியல்காரர்கள் வெட்டிப் போட்ட புளியமரத்துக்கு முன்னால் அவர் பஸ் மாட்டிக்கொண்டது. சரமாரியாகக் கல். கண்டக்டருக்கு ஒரு கண் போனது. இவருக்குக் கீறல்கூட இல்லை. டிப்போவில் என்ன செய்தார்கள்? பஸ்ஸுக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். டிரைவரை மறுநாளே டியூட்டிக்கு அனுப்பினார்கள்.

“ரோட்டுல மரம் கெடந்தா அந்த நாளுக்கே போயிடறேங்க. ஸ்டாப்பிங் பேருகூட மறந்துபூடுது. நாப்பது பேர வச்சிக்கினு பள்ளத்துல வுட்டுட்டா இன்னாங்க பண்றது?”

அவர் கேட்பது மலையிலிருந்து இறக்கி, டிப்போவுக்குள் ஒரு வேலை. அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சியில் தெரிந்த டாக்டரிடம் அழைத்துப் போனேன். “பயந்தா கார்ட்டிசால் மாதிரி சில ஹார்மோன் சுரக்கும். ஆபத்து போனா அடங்கணும். இவருக்கு அந்தக் கட்டுப்பாடே தாறுமாறாயிடுச்சு. இப்படியே விட்டா ஞாபகத்தைப் பார்த்துக்கிற மூளைப் பகுதி நலிஞ்சு போகலாம்” என்றவர், அதையே லெட்டராக எழுதிக் கொடுத்தார்.

டிப்போ அதிகாரி படித்தார். (எந்த டிப்போ என்று கேட்காதீர்கள்.) “மூளைன்னு போட்டிருக்கு... எக்ஸ்ரே எங்கய்யா?”

எடுத்தோம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பயம் எந்த எலும்பில் ஒட்டியிருக்கும் என்று நினைத்தாரோ!

“விரிசலே இல்ல. நல்லா நடிக்கிற. போராட்டம் முடிஞ்சு எத்தனை வருஷமாச்சு? மறக்கணும்யா.”

கலியபெருமாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே அதிகாரியின் ஜீப். போராட்ட நாளில் கல்லுக்குப் பயந்து முன்கண்ணாடிக்குக் கட்டிய கம்பி வலை இன்னும் அப்படியே இருந்தது.

“அந்த வலைய எப்பங்க கழட்டுவீங்க?” என்றார் மெதுவாக.

“அது கண்ணாடிய்யா. உடைஞ்சா யார் பதில் சொல்றது?”

நாளைக் காலை வெள்ளிமலை பஸ்ஸைக் கலியபெருமாள்தான் ஓட்டுகிறார். ஏறுகிறவர்கள் தயவுசெய்து சிரிக்காமல் உட்காருங்கள் — டிப்போவைப் பொறுத்தவரை, உடையக்கூடியது கண்ணாடி மட்டும்தான்.