மாஸ்டரின் அம்பாசிடரைத் தள்ளியவர்களுக்கு

செய்தி வந்தபோது நாங்கள் மாஸ்டருடைய காருக்குள்தான் உட்கார்ந்திருந்தோம். அவிநாசிபாளையத்துக்கு இந்தப் பக்கம், தாராபுரம் ரோட்டோரத்தில் கார் நின்றது. மழை விடவில்லை. காரை எடுத்துக்கொண்டு போக எங்களில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. காலையில் மாஸ்டரை ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குப் போன டெம்போ திரும்பி வந்து எதிரே நின்றது. டிரைவர் நனைந்துகொண்டே வந்து என் பக்கக் கண்ணாடியைத் தட்டினார். அந்தக் கண்ணாடி பாதிக்குமேல் இறங்காது. இறங்கிய அளவுக்கு அவர் முகத்தை உள்ளே வைத்து, "ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சு போச்சுங்கய்யா," என்றார். சொல்லிவிட்டும் போகாமல் அப்படியே நனைந்துகொண்டு நின்றார்.

எங்கள் பனியன் கம்பெனியில் துணி வெட்டிய கட்டிங் மாஸ்டர் சென்னியப்பனைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அந்த காரைத் தள்ளியிருப்பீர்கள். நான் எழுதக் கற்றுக்கொண்டு அதிக காலம் ஆகவில்லை. ஒரு வரி முடிவதற்குள் வைத்த டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் 'சென்னியப்பன்' என்று ஒரு புள்ளியும் விட்டுப்போகாமல் எழுதி முடித்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது. இறந்தவரைப் பற்றி எழுதும்போது சந்தோஷம் வரலாமா என்று தெரியவில்லை. மாஸ்டரிடம் கேட்டிருந்தால், "வந்தா வரட்டுமுங்க அண்ணாச்சி," என்றுதான் சொல்லியிருப்பார். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன் என்பதால் எனக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான்.

எங்கள் ஊர் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பனியன் கம்பெனி மணியடிக்கும் நேரத்துக்குப் பஸ் கிடையாது. அதனால் அவர் தன் காரில் எங்களையும் ஏற்றிக்கொண்டு போவார். முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர், மடியில் சாப்பாட்டுப் பைகள். செல்ஃப் எடுக்காத வண்டி. காலையில் அவர் உட்கார்ந்து, கையை வெளியே நீட்டி கதவில் இரண்டு தட்டுத் தட்டுவார். நாங்கள் தள்ளுவோம். இன்ஜின் பிடித்துக்கொண்டால் நிறுத்த மாட்டார், நிறுத்தினால் அணைந்துவிடும். ஓடிப்போய்த்தான் ஏற வேண்டும். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி ஏறுவார்கள்.

தையல் பிரிவில் வேலை பார்க்கும் ஜெயமேரியும் என்னைப்போலத் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்தான். வாய் கொஞ்சம் அதிகம். ஒருநாள் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்துகொண்டு, "மாஸ்டர், தள்ளுற தூரத்துக்கு நடந்தே போயிருக்கலாம்லா?" என்றாள்.

"நடந்து போனா வேர்க்குமுங்க. தள்ளிப்போட்டு உக்காந்தா காத்து வருமல்லங்க," என்றார் மாஸ்டர்.

"இது காத்தா? புகைலா வருது."

"சரிங்க, பொகையும் சேத்தி."

வெயில் காலத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். சித்திரையில் ஒருநாள் நடுவழியில் ஆவி கிளம்பி வண்டி நின்றது. ரோட்டோரக் குழாயில் தண்ணீர் வரவில்லை. கொண்டுவந்த குடிதண்ணீரை எல்லாம் ஊற்றியும் போதவில்லை. மாஸ்டர் வேப்பமரத்தடிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள், எங்களில் ஒருவர் தன் தூக்குப்போசியில் இருந்த மோரை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டார். யார் என்று நான் எழுத மாட்டேன், இதைப் படித்தால் அவரே சிரித்துக்கொள்வார். ஒரு வாரம் கார் முழுக்கக் காய்ச்சிய மோர் வாசம். மாஸ்டர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "நாம குடிக்கறோம், அதுவும் குடிக்கட்டுமுங்க," என்றார். பிறகு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தனியாக உட்கார்ந்து அதைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. வைப்பர் இரண்டும் ஓடாது. மடியில் ஒரு கட்டு பனியன் வேஸ்ட் துணி வைத்துக்கொண்டு, பாதி இறங்கிய கண்ணாடி வழியாகக் கையை வெளியே விட்டு நான் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வருவேன். "அண்ணாச்சி, தொடைங்க," என்பார். துடைப்பேன். குண்டடம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு எங்களைக் கூட்டிப் போனபோது, கூடவே வந்த மழை ரோட்டையே மறைத்துவிட்டது. நான் துடைத்த வட்டத்துக்குள் குனிந்து பார்த்து அவர் ஓட்டினார். போய் இறங்கியபோது என் ஒரு கை மட்டும் தோள்வரை நனைந்திருந்தது. அந்தக் கையோடுதான் பந்தியில் உட்கார்ந்தேன்.

கம்பெனி மேனேஜர் புது கார் வாங்கிய வாரம், மாஸ்டரைப் பார்த்து, "இதை எடைக்குப் போட்டுட்டு நீங்களும் ஒரு சின்ன வண்டியா எடுங்க மாஸ்டர்," என்றார். நாங்கள் சுற்றி நின்றோம். மாஸ்டர் சிரித்தார். "உங்க காருல ஏறோணும்னா செருப்பக் கையில எடுத்துக்கோணுமுங்க. இதுல இவங்க சேத்தோட ஏறுவாங்க," என்றார். அது உண்மை. புது கார் எதைக் கண்டாலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறவர்கள்தான் நாங்கள்.

அந்த ஐப்பசிக் காலையில் அவர் வழக்கம்போல உட்கார்ந்து கதவைத் தட்டினார். ஒரு தட்டுத்தான் கேட்டது. தள்ளினோம். கார் உருண்டது, இன்ஜின் பிடிக்கவில்லை. இன்னும் தள்ளினோம். ஜெயமேரிதான் முன்னால் ஓடிப்போய்ப் பார்த்தாள். மாஸ்டர் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்திருந்தார். "நெஞ்ச அடைக்குதுங்க," என்றார். அவர் மனைவி சரஸ்வதி வீட்டிலிருந்து ஓடி வந்தார்.

எங்களோடு காரில் வரும் முருகேசனின் செல்போனில் டவர் கிடைக்கவில்லை. அவன் மொபெட்டை எடுத்துக்கொண்டு வண்டி பிடித்து வரப் போனான். நாங்கள் மாஸ்டரைத் தூக்கிப் பின்சீட்டில், சரஸ்வதியின் மடியில் தலை இருக்கும்படி படுக்க வைத்தோம். சும்மா நிற்க முடியவில்லை. யாரும் சொல்லாமலே எல்லோரும் பின்னால் போய் டிக்கியில் கை வைத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டோம். கார் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு ஜெயமேரி கத்தினாள்: "யாரு ஓட்டுதா இதை? முன்னால ஆளே இல்ல!"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருடம் தள்ளியிருக்கிறோம். தள்ளுவது எங்கள் வேலை, ஓட்டுவது அவர் வேலை. அதற்குமேல் யாரும் யோசித்ததில்லை. எனக்கு முழங்கால் வலி, என் தள்ளு பெரிய தள்ளும் இல்லை. நான் போய் அவருடைய இடத்தில் உட்கார்ந்தேன்.

பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. செகண்ட் கியரில் போடச் சொன்னார், கிளச்சை மிதிக்கச் சொன்னார், வேகம் வந்ததும் விடச் சொன்னார். செய்தேன். கார் ஒரு குதி குதித்து நின்றது. அந்தக் குதியில் அவர் முனகியது எனக்குக் கேட்டது. "தண்ணி எறங்கிருக்குமுங்க. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியத் தொடைக்கோணும்," என்றார். பானட்டைத் திறந்தோம். மழை நாளில் நாங்கள் டீ குடிக்கும்போது அவர்தான் அதைத் துடைப்பார், எங்கள் கையில் கிரீஸ் படக் கூடாது என்பார். எது அந்த மூடி என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவரால் எழுந்து காட்டவும் முடியவில்லை. கண்ணில் பட்டதை எல்லாம் வேஸ்ட் துணியால் துடைத்தோம். துடைக்கத் துடைக்க மேலே மழை விழுந்தது. ஒரு ஆள் அழவே ஆரம்பித்துவிட்டார். பானட்டை மூடிவிட்டு மறுபடி தள்ளினோம்.

மெயின் ரோட்டைத் தொட்டபோது முருகேசன் துணி ஏற்றிய டெம்போ ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தான். தார்ப்பாயைத் தூக்கி, துணி ரோல்கள்மேல் மாஸ்டரைப் படுக்க வைத்தோம். சரஸ்வதியும் ஜெயமேரியும் ஏறினார்கள். எங்களுக்கு இடமில்லை. மாஸ்டர் தலையைத் திருப்பி, "கார ஓரமா ஒதுக்கி உடுங்க. உள்ள உக்காந்துக்குங்க, நனையாதீங்க," என்றார். அதனால்தான் நாங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தோம். வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

இன்னும் சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று பலர் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தோம். எங்களுக்குத் தெரிந்தது தள்ளுவது ஒன்றுதான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். மெயின் ரோடு வருவதற்கு முன்னால், கோழிப்பண்ணை தாண்டி ஒரு இறக்கம் இருக்கிறதல்லவா, அன்று காலை அங்கே வந்ததும் கார் தானாக ஓட ஆரம்பித்தது. தள்ளியவர்களின் கை விட்டுப்போனது. காலடிச் சத்தம் பின்னால் நின்றுவிட்டது. இன்ஜின் சத்தமும் இல்லை. மழைச் சத்தத்துக்குள் நானும் மாஸ்டரும் சரஸ்வதியும் மட்டும் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்போது பின்சீட்டிலிருந்து மாஸ்டர் மெதுவாகச் சொன்னார்:

"நல்லா ஓட்டறீங்க அண்ணாச்சி."