காளியம்மாளின் செங்கல் ஆட்டம்

காளியம்மாள் டிவி கேம் கேசட்டை ஊதமாட்டார். ஊதுகிறவர்களையும் விடமாட்டார். “எச்சி பட்டா உள்ள பச்சை பூத்துரும் டீச்சர். கம்பெனியில நாங்க கனெக்டர் பக்கத்துல தும்மக்கூட மாட்டோம்” என்பார். பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரை எடுத்து, கேசட்டின் அடியில் வரிசையாக மின்னும் கோடுகளின் மேல் நான்கு தேய்ப்பு. துகளைத் தட்டிவிட்டுப் பெட்டியில் செருகுவார். பழைய டியூப் டிவி ஒருமுறை சிமிட்டும். மேலிருந்து முதல் செங்கல் இறங்கத் தொடங்கும்.

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு வாடகை வீடுகள். கீழே மூன்றாவது அவருடையது, நேர் மேலே என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஆட்டத்தின் பாட்டு என் தரை வழியாக ஏறி வரும். செங்கல் குவியல் உயர உயரப் பாட்டு வேகம் பிடிக்கும். வெங்காயம் நறுக்கியபடியே கீழே அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று என்னால் சொல்லிவிட முடியும்.

வயது நாற்பத்து மூன்று. ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். பதினெட்டு வருடங்களாக ஓசூரில், வண்டிகளுக்கு ஒயர் கட்டுகள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை. கணவர் அழகர்சாமி வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மகள் ஹரிணி சேலத்தில் நர்சிங் படிக்கிறாள்.

‘விளையாடினேன்’ என்ற சொல் காளியம்மாள் வாயில் வராது. “இன்னிக்கு ரெண்டு செட்டு ஓட்டுனேன்” என்பார், மெஷினைச் சொல்வதுபோல. விழும் கட்டைகளுக்கு அவர் வைத்த பெயர்கள் தனி. நீளமானது குச்சி. சதுரம் மைசூர்பாகு. வளைந்து நெளிந்த இரண்டும் கோணவாய்கள். டவுன் பஸ்ஸில் ஒருமுறை நெருக்கியடித்து நின்றிருந்தபோது, முன்னால் காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டி, “அங்க ஒரு மைசூர்பாகு போகும் டீச்சர்” என்றார். இரண்டு பேர் போய் நின்றோம்.

இந்த மாதிரி ஆட்டங்களைப் பழைய ஞாபகத்துக்காகத்தான் ஆடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். கேட்டும் விட்டேன். சிரித்தார். “ஞாபகமா? சின்ன வயசுல இதை நான் கண்ணால பாத்ததே இல்ல. முப்பத்தொம்போது வயசுலதான் முதல்ல தொட்டேன்.”

தொட்ட கதை இது.

நான்கு வருடங்களுக்கு முன், ஒயரின் நுனியில் உலோக முனையை வைத்து அழுத்தும் மெஷினில் அவர் உட்கார்ந்திருந்தார். கால் பெடலை மிதித்தால்தான் அது இறங்க வேண்டும். அன்றைக்கு மிதிக்காமலே இறங்கியது. வலது கட்டைவிரல் நசுங்கியது. விரலைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் மடங்கவில்லை. மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவரிடம் ஒரு தாளை நீட்டினார்கள். ‘எனது கவனக்குறைவால்’ என்று அதில் ஒரு வரி இருந்தது.

“படிச்சுப் பாத்துட்டு பேனாவை மூடிட்டேன்” என்றார் காளியம்மாள். “பெடல்ல என் காலே இல்ல. அப்புறம் எப்படி நான் கையெழுத்துப் போடுவேன்?”

அவரை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை. லைனுக்குத் திரும்ப வேண்டுமென்றால் ‘பின் டெஸ்ட்’டில் தேறி வரவேண்டும்: இரண்டு நிமிடத்தில் நாற்பது ஒயர்களை ஒரு கனெக்டரின் நாற்பது துளைகளில், ‘க்ளிக்’ என்று சத்தம் வரும்வரை செருக வேண்டும். ஒரு காலத்தில் புதிதாக வரும் பெண்களுக்கு அதைச் செய்து காட்டியவரே அவர்தான். அந்த முறை இருபத்தொன்றில் நின்றுவிட்டது. லைன் லீடர் அன்புமணி ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்தாரே தவிர இவர் முகத்தைப் பார்க்கவில்லை. “அவரு நல்ல மனுசன். அதான் பாக்கல” என்றார் காளியம்மாள்.

ஆஸ்பத்திரியில் அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். ஒரு வாரம் அமுக்கினார். “அமுக்குனாலும் பேசாது, அமுக்காட்டாலும் பேசாது. அதுகூட எவ்வளவு நாளைக்கு இருக்குறது?”

அந்த மாதம் எதிர்வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனார்கள். அவர்களிடம் அழகர்சாமி ஒரு டியூப் டிவி வாங்கினார். கூடவே ஓர் அட்டைப்பெட்டி வந்தது: டிவி கேம், இரண்டு ரிமோட், மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு கேசட். இடது கட்டைவிரல் கட்டையை நகர்த்தும், வலது கட்டைவிரல் அதைத் திருப்பும். இடைவெளியில்லாமல் நிரம்பிய வரிசை அழியும்; குவியல் உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. காளியம்மாளுக்குத் திருப்பும் விரல்தான் இல்லை. முதல் நாள் கட்டைகள் வந்தபடியே விழுந்து, ஒரு நிமிடத்தில் திரை நிரம்பிவிட்டது. அழகர்சாமி, “ஆள்காட்டி விரல்ல அமுக்கேன் காளி” என்றார். “அப்ப இவன் எப்ப வேலைக்கு வர்றது?” என்று கட்டைவிரலைக் காட்டினாராம்.

இருபது நிமிடம் ஆட்டம், பிறகு வெந்நீர். காலையில் ஒன்று, ஷிப்ட் முடிந்து ஒன்று. பிசியோதெரபி பெண்ணிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, “வலிச்சா நிறுத்திரணும்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இரண்டாவது மாதம் ஒருநாள், ஒரு கோணவாய் சரியான இடத்தில் திரும்பி உட்கார்ந்தது. அதன்பிறகுதான் கட்டைவிரல் மடங்கியது தெரிந்தது. அடுத்த கட்டை வந்து விழுவதைக்கூடப் பார்க்காமல் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அம்மாவின் ஆர்வத்தைப் பார்த்து ஹரிணி போனில் இதே போன்ற ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தாள். இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். “ஜெயிச்சாப் பூத் தூவுது. தோத்தா விளம்பரம் பாரு, இன்னொரு உசுரு தர்றேங்குது. இது அப்படியா? யாருக்கும் சலுகை கிடையாது. நம்மள ஏமாத்தவும் ஏமாத்தாது.” குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்: “இதுல தோத்தா என் கைதான் தப்பு டீச்சர். ஒத்துக்கிறேன். அங்க என் கை தப்பில்ல.”

பக்கத்து வீட்டுப் புது டிவியில் மாட்டியும் பார்த்தார்கள். அழகர்சாமிக்கு வித்தியாசம் தெரியவில்லை. காளியம்மாள் பத்தே வினாடியில் ரிமோட்டைக் கீழே வைத்தார். “அமுக்குறதுக்கும் திரும்புறதுக்கும் நடுவுல ஒரு நூல் லேட்டாகுது.” பிற்பாடு நான் விசாரித்ததில் உண்மைதான் என்றார்கள். புதிய திரைகள் படத்தைச் செப்பம் செய்துதான் காட்டுமாம். அந்த நூலளவு தாமதத்தைப் பிடித்த விரல், அப்போது பாதிதான் குணமாகியிருந்தது.

ஐந்தாம் மாதம் மறுபடி டெஸ்ட் கேட்டு எழுதிக் கொடுத்தார். அன்புமணி ஸ்டாப் வாட்ச்சோடு நின்றார். பேக்கிங் பெண்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். முப்பதாவது ஒயரில் விரல் பிடித்துக்கொண்டது. “மேல நிரம்பிக்கிட்டு வர்றப்ப பதறுனா முடிஞ்சுது. ஒரு கட்டையைப் பாத்து, அதுக்கு ஒரு எடத்தைப் பாத்து வைக்கணும். அவ்வளவுதான்” என்று எனக்கு விளக்கினார். ஒரு மூச்சு விட்டு, முப்பத்தொன்றாவதை எடுத்திருக்கிறார். நாற்பதாவது ‘க்ளிக்’ கேட்டபோது இன்னும் ஆறு வினாடி மிச்சம். அன்புமணி இந்த முறை முகத்தைப் பார்த்தார். “அக்கா, திங்கக்கிழமை லைனுக்கு வந்துருங்க.”

“வர்றேன். அந்த மெஷினைச் சரி பண்ணியாச்சா?” என்று கேட்டார் காளியம்மாள்.

பண்ணியிருக்கவில்லை. பெடலும் தடுப்பும் மாற்றுகிற வரை அவர் வேறு மெஷினில்தான் உட்கார்ந்தார். மற்றவர்களையும் அதில் உட்காரவிடவில்லை. பதினோரு நாளில் மாற்றினார்கள். கையெழுத்துக் கேட்ட தாளை அதன்பிறகு யாரும் எடுத்து வரவில்லை.

விரல் இப்போதும் முழுதாக மடங்காது. ஆட்டமும் நிற்கவில்லை. “வேலை முடிஞ்சதும் தூக்கிப் போட இது என்ன மாத்திரையா?” வீட்டுக்காரம்மா சென்னம்மாவும் இப்போது கூட்டு. தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் பதறுவார். அவர் கையில் ரிமோட் இரண்டு நிமிடம் தாங்கினால் அதிகம்.

போன ஞாயிறு பாட்டு நெடுநேரம் வேகமாகவே ஓடியது. பொறுக்கமுடியாமல் இறங்கிப் போனேன். நூற்று எண்பது வரிசை அழித்திருந்தார்; அதுவரை நூற்று அறுபதைத் தாண்டியதில்லை. கட்டைகள் விழுவது என் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. அழகர்சாமி சோற்றுக் கரண்டியோடு வாசலில் நின்றார். சென்னம்மா முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூற்றுத் தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று ஐந்து.

கரண்ட் போனது.

“அய்யோ தேவரே!” என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுச் சென்னம்மா தலையில் கைவைத்தார். அந்தப் பெட்டிக்கு எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாது. “போனில் ஒரு போட்டோவாவது எடுத்திருக்கலாமே” என்று நான் புலம்பினேன். காளியம்மாள் ரிமோட்டைத் தரையில் வைத்தார். வலது கட்டைவிரலை இடது கைக்குள் வைத்து மெல்ல நீவிவிட்டார். ஐந்து நிமிடத்தில் மின்விசிறி சுற்றியது, டிவி சிமிட்டியது, மேலே முதல் கட்டை தயாராக நின்றது.

ரிமோட்டின் ஒயர்ச் சிக்கலைப் பிரித்துச் சென்னம்மாவின் மடியில் வைத்தார். “இந்தாங்கக்கா, உங்க டர்ன்.”