கால் என்று நான் சொல்லவில்லை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ல, ள, ழ மூன்றில் எது எங்கே வரும் என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வார்டு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதை வாயால் சொல்லிவிடலாம் என்று பலமுறை பார்த்தேன். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

கோலார் தங்கவயலில் ஒரு நர்சிங் ஹோமில் நான் வார்டு அட்டெண்டர். தரை துடைப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, பெட்பேன் வைப்பது என் வேலை. ஆந்திர எல்லை பக்கம் என்பதால் தெலுங்கு பேசும் பேஷண்டுகள் நிறைய வருவார்கள். வாரம் இரண்டு நாள் வரும் சர்ஜன் தார்வாட் பக்கத்துக்காரர். கன்னடமும் இங்கிலீஷும்தான் அவருக்குத் தெரியும். ஒருநாள் அவர் சொன்னது புரியாமல் ஒரு அம்மா முழித்துக்கொண்டிருந்தபோது, துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே நான் தெலுங்கில் சொன்னேன். டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

“உனக்கு எத்தனை பாஷை வரும், அன்பு?”

அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. வீட்டில் தமிழ். நாங்கள் இருந்த சுரங்கக் குடியிருப்பு, பாலகாட் லைனில், அடுத்த வீட்டோடு தெலுங்கு. பங்காருபேட்டையில் மூட்டை தூக்கியபோது கன்னடம். கறிக்கடை பாய் வீட்டில் உருது. எதையும் யாரும் சொல்லித் தரவில்லை. வெயிலில் நின்றால் கறுப்பது போலத் தானாக ஒட்டிக்கொண்டவை. “நாலு சார்” என்றேன். சொல்லும்போது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்றிலிருந்து டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார். என் பேச்சைப் பேசத்தான் எனக்குக் கூச்சம். அடுத்தவர் பேச்சை எடுத்துக் கொடுக்கக் கூச்சமே இருந்ததில்லை.

இனி வருவதில் டாக்டர் பேசியது கன்னடம், பேஷண்ட் வீட்டார் பேசியது தெலுங்கு. எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

வெங்கடப்பா என்று ஒரு விவசாயி. அறுபது வயதிருக்கும். ஷுகர் உண்டு. வலது பாதத்தில் முள் குத்திய புண் கறுத்து, கணுக்கால் வரை ஏறியிருந்தது. கூட அவர் மனைவி லட்சுமம்மா மட்டும். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்.

“முட்டிக்குக் கீழே காலை எடுத்தாகணும். இல்லேன்னா விஷம் ஏறி ஆளே போயிடுவார். நாளைக்குக் காலையில ஆபரேஷன். இதை அப்படியே சொல்லு.”

நான் சொன்னேன்: “புண்ணு கெட்டுப்போயிருக்குதாம் பெரியப்பா. நாளைக்கு ஆபரேஷன் பண்ணி, கெட்டதை எடுத்துடுவாங்களாம்.”

லட்சுமம்மா கேட்டார்: “விரல் ஏதாச்சும் போகுமாப்பா?”

“டாக்டர் பார்த்துக்குவார்மா.”

“சொல்லிட்டியா?” என்றார் டாக்டர்.

“சொல்லிட்டேன் சார்.”

“ஒத்துக்கிட்டாங்களா?”

“ஒத்துக்கிட்டாங்க.”

சம்மதம் வாங்கும் கன்சென்ட் ஃபாரம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது. வெங்கடப்பாவின் கட்டை விரலைப் பிடித்து மையில் வைத்து, கட்டம் போட்ட இடத்தில் அழுத்தியதும் நான்தான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. அண்டர்கிரவுண்டில் யாராவது செத்தால், ஒரே ஆள் போய் வீட்டில் முழுச் சேதியும் சொல்ல மாட்டான். முதலில் போகிறவன், “லேசா அடி, ஆஸ்பத்திரிக்கு இட்னு போயிருக்காங்க” என்பான். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது ஆள் போய், “சீரியஸாத்தான் கீது” என்பான். மூன்றாவது ஆள் வாசலில் நிற்கும்போது வீட்டிலிருப்பவர்களுக்கே தெரிந்துவிட்டிருக்கும். என் அப்பாவை எப்போதும் முதல் ஆளாகத்தான் அனுப்புவார்கள். கெட்ட சேதியை அப்படித்தான் பேச வேண்டும் என்பது தமிழோடு சேர்ந்தே எனக்கு வந்துவிட்டது. தெலுங்கில் பேசினாலும் அது கூடவே வந்தது.

வெங்கடப்பாவிடமும் நான் முதல் ஆளாகப் பேசிவிட்டேன். மிச்சத்தை யாரோ சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன். அந்த யாரோ யார்? தெலுங்கு தெரிந்த ஸ்டெல்லா சிஸ்டர் அன்று லீவு. நான் யாரை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மறுநாள் ஆபரேஷன் முடிந்து, மதியம் அவருக்கு மயக்கம் தெளிந்தது. அப்போதுதான் லட்சுமம்மாவை உள்ளே விட்டார்கள். நான் பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். வெங்கடப்பா போர்வையை விலக்கினார். பார்த்தார். பிறகு கட்டிலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார்.

“என் கால் எங்கப்பா?” என்று, செருப்பைக் கேட்பது போல என்னைக் கேட்டார்.

துடைத்த இடத்தையே நான் மறுபடி துடைத்தேன். லட்சுமம்மா அழவில்லை. போர்வையைப் பார்த்தார், அப்புறம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லீவு முடிந்து வந்த ஸ்டெல்லா சிஸ்டர் என்னைக் காரிடாரில் பிடித்துக்கொண்டார். “இன்னாண்ணா, அவுங்ககிட்ட சொன்னியா, இல்லியா? சொல்லவே இல்லேன்னு அந்தம்மா சொல்லிகினு கீது.”

வாளியை எடுத்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் போய்விட்டேன்.

அடுத்து டாக்டர் வந்த நாளில், திருப்பதியில் ஓட்டல் வேலை செய்யும் அவர்கள் மகன் வந்து சேர்ந்தார். அறையில் அவர்கள் மூன்று பேர், டாக்டர், நான். மகன் என்னைக் கை நீட்டிக் காட்டினார்.

“காலை எடுக்கப் போறாங்கன்னு எங்கப்பாகிட்ட யாருமே சொல்லலை. இவன்தான் பேசினான். புண்ணுன்னுதான் சொன்னான். கேளுங்க அவனை.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “என்ன சொல்றார்?”

அந்த அறையில் இரண்டு பக்கமும் புரிந்தவன் நான் ஒருவன்தான். ‘மகனுக்கு முன்னாடியே தகவல் சொல்லியிருக்கலாம்கிறார்’ என்று சொல்லிவிடலாம். டாக்டர் நம்புவார். எத்தனை சொன்னாலும் ஆபரேஷனுக்கு அப்புறம் மறந்துவிடுவார்கள் என்று அவரே அடிக்கடி சொல்வார். வேலையும் தப்பும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மகன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. அதுதான் என்னைக் கலங்க வைத்தது.

“கால்னு நான் சொல்லவே இல்லைங்கிறார் சார். நிஜம்தான். நான் சொல்லலை.”

டாக்டர் எழுந்து நின்றார். “என்ன சொன்னே? சொன்னதை அப்படியே சொல்லு.”

சொன்னேன். விரலைப் பற்றி அந்த அம்மா கேட்டதையும் சொன்னேன். டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது.

“அப்ப நான் யாரைக் கேட்டு வெட்டினேன்?” என்றார். அது என்னிடம் கேட்டதா, தனக்குத்தானே சொன்னதா என்று தெரியாமல் நின்றேன். “அதையும் அவங்களுக்குச் சொல்லு” என்றார். சொன்னேன்.

வெங்கடப்பாதான் பேசினார். “உயிரா காலான்னு கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்பா. தூங்க வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை அதை நல்லா பார்த்திருப்பேன்.”

அதைக் கன்னடத்தில் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு தடவை ஆயிற்று.

எனக்கு இங்கிலீஷில் மெமோ வந்தது. ஸ்டெல்லா சிஸ்டர்தான் படித்துக் காட்டினார். நடுவில் தயங்கினார். “ஒண்ணும் விடாம படிங்க சிஸ்டர்” என்றேன்.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் என்னையே கூப்பிட்டார். என்னால் நம்ப முடியவில்லை. வெங்கடப்பாவின் இடது குதிகாலில் மிளகு அளவு கறுப்பு ஒன்று இருந்தது. அதைத் தினமும் பார்க்கச் சொல்ல வேண்டும். போர்வையை விலக்கிய அன்றைக்கு அப்புறம் லட்சுமம்மா என் முகத்தைப் பார்த்ததில்லை. நான் தரையில் உட்கார்ந்து அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

“இதைத் தினமும் பாருங்கம்மா. பெரிசானா அன்னிக்கே வந்துடுங்க. விட்டீங்கன்னா இந்தக் காலையும் வெட்டணும்.”

வெட்டணும் என்ற சொல்லை ஒருவர் முகத்துக்கு நேரே நான் சொன்னது அதுதான் முதல் முறை. லட்சுமம்மா குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். “இன்னொரு தரம் சொல்லு” என்றார். சொன்னேன். “இப்ப நான் சொல்றேன், சரியான்னு பாரு” என்று, ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். வெட்டணும் என்பதையும் சொன்னார்.

“சரிதான்மா” என்றேன்.

இப்போது எல்லோரிடமும் அப்படித்தான் செய்கிறேன். புதிதாக வருகிறவர்களும் அப்படியே செய்யுங்கள். டாக்டர் சொன்னதை முழுசாகச் சொல்லுங்கள். பேஷண்ட் தன் வாயால் அதைத் திருப்பிச் சொல்லும்வரை அந்தக் கட்டிலை விட்டு நகராதீர்கள்.

நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு, இன்று எழுதி முடித்தேன். 2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை.